கண்ணாடிக் குடிலும் திராட்சைக் கொடியும்

"சந்தேகமே வேணாம் மேடம். அந்தச் சுருளிராஜன்தான் கொடி கருக மருந்து ஊத்துறாரு. நேத்தும் வாளியோட பின்பக்கம் போனாரு!"

வாட்ச்மேன் ஸ்டான்லிக்குத் துப்பறிவதில் தனி ஆசை. ஆனாலும் பூங்கா அதிகாரி பவானிக்குப் பகீரென்றது.

கம்பத்துப் பூங்காவில் அந்தக் கண்ணாடிக் குடில் அவள் போட்ட திட்டம். உள்ளே மலைப் பெரணிகளும் ஆர்க்கிட் பூக்களும். ஆனால் ஏ.சி. கிடையாது. தரைக்கடியில் குழாய்களில் வாய்க்கால் தண்ணீர் ஓடும். கூரைக்கு மேலே பந்தலில் திராட்சைக் கொடி நிழல் தரும். "கரண்ட் தின்னாமல் குளிரும் வீடு" என்று மேடைக்கு மேடை பேசியிருக்கிறாள்.

அந்தக் கொடிதான் இப்போது கருகிக்கொண்டு வந்தது. நிழல் போனால் உள்ளே எல்லாம் வெந்துவிடும். அடுத்த வாரம் பார்வையிட வரும் மேலதிகாரிகள், "பேசாம ஏ.சி. மாட்டுங்க" என்று சொல்லிவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் அதோடு சரி.

சுருளிராஜன் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர். "கண்ணாடி வீடு எதுக்கு? ரோட்டைப் போடுங்க" என்று மனு மேல் மனு கொடுத்தவர். வேறு யாருக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கும்?

மறுநாள் மத்தியானம் ஸ்டான்லி சைகை காட்டியதும், குடிலை ஒட்டிய தன் அலுவலகத்துக்குப் பின்புறம் ஓடினாள். கொடியின் அடித்தூர் அருகே சுருளிராஜன், கையில் வாளி. கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்!

"வாளியில என்ன? போலீசைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி இந்த முனையைச் செத்தப் பிடிங்க தாயி."

அவர் நீட்டியது ஈரச் சாக்கு. வாளியில் இருந்தது வெறும் தண்ணீர். சுவருக்கும் கொடிக்கும் நடுவே சாக்கைத் திரை மாதிரி கட்டிக்கொண்டிருந்தார்.

"மனு கொடுத்தது நெசந்தான். ஒங்க மேல கோவம் உண்டு. கொடி மேல எனக்கென்ன பகை? கண்ணு முன்னாடி கருகுதே, பொறுக்க முடியல."

பவானிக்கு வெட்கமாகிவிட்டது. "காரணம் தெரிஞ்சா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நம்புவீகளா? பகையாளி பேச்சுன்னு சொல்லுவீக."

சாக்கை லேசாக விலக்கினார். அவள் முகத்தில் அனல் அடித்தது. சுவரில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"ஒங்க ரூம் ஏ.சி.தான் தாயி. அமத்திட்டு வாங்க. தண்டு இன்னும் பச்சையாத்தான் இருக்கு, துளுத்துரும்."