பதின்மூன்றாம் இலக்கச் சட்டை

ஜெசிந்தனுக்குக் கோச் லோமன் செய்தது பச்சை அநியாயம். பல்கலைக்கழக பேஸ்போல் அணிக்கு ஜெர்மனியின் எசன் நகரில் ஆட்டமென்றால் பந்து வீசுவது அவன்தான். வெளியூர் ஆட்டமென்றால் அவனை விட்டுவிட்டு அணி போய்விடும்.

அவன் போகமாட்டான். அவனுடைய பதின்மூன்றாம் இலக்கச் சட்டை மட்டும் போகும்.

"சட்டையோ?" ஜெசிந்தனின் தோழி லவினியா நம்பவில்லை.

"ஓம். நாங்கள் இருக்கிற வாங்குக்கு மேல கொளுவி, தொப்பியும் வைப்பார்," என்றான் கூட விளையாடும் டெனிஸ்டன். "எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தேக்க அதுக்கும் ஒரு கோப்பை."

"செத்தவைக்குப் படைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!"

"அதைத்தான் சொல்ல வந்தனான், அப்புக்காத்து அக்கா. இருபத்தாறு வருசமா அந்த மனுசன்தான் கோச். பதின்மூண்டு எப்பவும் புதுசா வந்த வெளிநாட்டுப் பொடியளுக்குத்தான். ஒரு குர்திஷ் பொடியன், ஒரு கொங்கோப் பொடியன்... போட்டவங்கள் ஒருத்தரும் பிறகு இல்லை."

"இல்லையெண்டா?"

"காணேல்லை. சட்டை மட்டும் மிஞ்சும்."

சட்டம் படிக்கிற லவினியாவுக்கு வாதமென்றால் சோறு தண்ணி வேண்டாம். "பேய்க்கதை சொல்லி இனவாதத்தை மூடாதையும். நீர் இங்க பிறந்தனீர், தப்பினீர். வந்தவனெண்டா கழிப்போ? நான் விடமாட்டன்."

அந்த ஞாயிறு லோமனின் கடைசி ஆட்டம், பக்கத்து நகரமான டுசுல்டோர்ஃபில். அதோடு அவருக்கு ஓய்வு. லவினியா ஜெசிந்தனை அவன் வீட்டு வாசலிலேயே பிடித்தாள்.

"வெளிக்கிடும். எல்லாருக்கும் முன்னால கேக்கப் போறன்."

"ஏலாது லவினியா."

"ஆவணியில கெவெலார் மாதா திருவிழாவுக்குச் சனமெல்லாம் பஸ் பிடிச்சுப் போகேக்கையும் ஏலாது எண்டீர். விசாதான் கிடைச்சிட்டெண்டு சொன்னீரே, இன்னும் என்ன பயம்?"

அவன் குனிந்து சப்பாத்தை மாட்டினான்.

ரயிலில் முகம் தெரியாமல் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். கதவு திறக்கும்போதெல்லாம் யார் ஏறுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.

"லோமனுக்கே இவ்வளவு பயம்?" லவினியா சிரித்தாள்.

மைதானத்தில் பனிப்புகார் மூடிக் கிடந்தது. வாங்கின் ஒரு நுனியில் அணி, மறு நுனியில் பதின்மூன்று. வேலியில் கொளுவிய சட்டைக்குள் காற்றுப் புகுந்து நெஞ்சு நிமிர்ந்தது. கைகள் அசைந்தன. கீழே தேநீரில் ஆவி பறந்தது. லோமன் குனிந்து சட்டையிடம் மெல்ல ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

லவினியா ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"ஹெர் லோமன்! சட்டைக்குத் தேநீர், ஆளுக்கு வீடோ? இதோ ஆள்! நீங்கள் இனவாதி இல்லையென்றால் பதில் சொல்லுங்கள்!"

லோமன் திரும்பினார். ஜெசிந்தனைக் கண்டதும், செத்தவன் எழும்பி வந்ததைக் கண்டவர் போல முகம் வெளிறியது.

அணியை டெனிஸ்டனிடம் விட்டார். தன் மழைக்கோட்டை ஜெசிந்தனின் தலைக்கு மேலால் போர்த்தி, அவனைக் காருக்கு நடத்திப் போனார். லவினியா பின்னால் ஓடி முன்சீட்டில் ஏறினாள். இருபத்தாறு வருடத்தின் கடைசி ஆட்டம் அவர் இல்லாமலே தொடங்கியது.

"பின்சீட்டில் படு. எழும்பாதே," என்றார் லோமன்.

அவன் படுத்தான். காணாமல் போனவர்களும் இந்தப் பின்சீட்டில்தான் படுத்தார்களோ? லவினியாவின் கை கதவுப் பிடியிலேயே இருந்தது.

'எசன்' என்ற மஞ்சள் ஊரெல்லைப் பலகையைத் தாண்டியதும் லோமன் வண்டியை ஓரம் கட்டினார்.

"அகதி வழக்கு முடியும்வரை இவன் இந்தப் பலகையைத் தாண்டக் கூடாது. போன வருடம் கெவெலார் திருவிழாவுக்குப் போய் பொலிசிடம் ஒருதரம் பிடிபட்டவன். இன்னொருதரம் என்றால் குற்ற வழக்கு. உனக்குத் தெரிந்தால் வெட்கம் என்றான். அப்படியானால் பழியை என்மேல் போடு என்றேன். அவனுடைய இடம் இருக்கட்டும் என்று சட்டையைக் கொண்டுபோவேன். சட்டையை ஒருவரும் மறிப்பதில்லை."

லவினியா திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தன் கோட்டுக்குள்ளிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"அப்போ... இதற்கு முந்தின பதின்மூன்றுகள்?" என்று கேட்டாள்.

"வழக்குத் தோற்று, திருப்பி அனுப்பப்பட்டார்கள்," என்றார் லோமன். "இவனுக்கு முந்தின ஆளைத் தவிர. அவன் வெளியூரில் பிடிபட்டு அனுப்பப்பட்டான். அவனுடைய வழக்கு வெல்லும் என்றே எல்லோரும் சொன்னார்கள். உன்னைப் போல ஒரு நல்ல பிள்ளைதான், என்னிடம் நியாயம் கேட்கவென்று அவனை ரயிலேற்றிக் கூட்டி வந்தாள்."