கச்சேரி மஹாலில் சம்பந்தி வீட்டார்

மஹாலின் இரண்டாவது கூடத்தில் கால் வைத்ததும் சம்பந்தியம்மாள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

ஆரோக்கியசாமி அதைப் பார்த்துவிட்டார்.

இதற்குப் பயந்துதானே விடியுமுன்னே கிணற்றடியில் உட்கார்ந்து, சந்தனச் சோப்பு தேய்ந்து வில்லையாகும்வரை உடம்பைத் தேய்த்தார்?

அவர் தோல் ஊறவைத்துப் பதனிடும் தோல்ஷாப்பின் மேஸ்திரி என்று தெரிந்தேதான் காட்பாடி ரயில்வே குமாஸ்தா ஞானப்பிரகாசம் மனைவியோடும் மகனோடும் பெண் பார்க்க வந்திருந்தார். சவுரியம்மாளை மூவருக்கும் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்ததை அப்பனே பார்த்தார். அடுத்த ஞாயிறு மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

சாப்பிட்டானதும், வேலூருக்கு வந்துவிட்டுக் கோட்டைக்குள் இருக்கும் மஹாலைப் பார்க்காமல் போவதா என்று சம்பந்தியம்மாள்தான் ஆசைப்பட்டாள். அந்தக் காலத்து நவாபு யாரோ இருந்த இடம், இப்போது சர்க்கார் ஆபீஸ் நடக்கும் கச்சேரி. ஆரோக்கியசாமி இந்த ஊரிலேயே பிறந்தவர். ஒருநாளும் அதன் படி மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கு லீவு. காவல் சேவகன் வேலு தெரிந்தவன். கதவைத் திறந்துவிட்டான்.

முதல் கூடம்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தூணைப் பாருங்கள், துரை உட்காரும் நாற்காலியைப் பாருங்கள் என்று வேலு தன் பாட்டன் சொத்தைப்போல் காட்டிக்கொண்டு வந்தான்.

இங்கேதான் முந்தானை ஏறியது. பின்னாலேயே குமாஸ்தாவின் அங்கவஸ்திரம். அப்புறம் பையனின் கைக்குட்டை.

வேலு தலையைச் சொறிந்துகொண்டு எங்கேயோ நழுவிவிட்டான்.

ஆரோக்கியசாமி சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று குமாஸ்தா துணிக்குள்ளிருந்தே சொன்னார்.

மூவரும் அவரை விட்டு விலகி ஜன்னலோரம் போய் நின்றார்கள்.

சீ! இரண்டாம் தடவை கறிக்குழம்பு கேட்டு வாங்கித் தின்ற வாய்க்கு இப்போது துணியா? காலில் மாட்டியிருக்கும் பூட்ஸ் எந்தத் தொட்டியில் ஊறி வந்ததாம்? இந்த ஜென்மங்களுக்கா பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, பொத்திப் பொத்தி வளர்த்தது?

"பொண்ணு மட்டும் மணக்குது, பெத்தவன் நாறுறானா? போங்கய்யா. என் பொண்ண உங்க வூட்டுக்குக் குடுக்கறதா இல்ல."

குமாஸ்தா பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆரோக்கியசாமி விட்டால்தானே. குமாஸ்தாவின் பரம்பரையையே இழுத்துப் பேசிவிட்டார். சம்பந்தியம்மாள் அழுதுகொண்டே ஜட்காவில் ஏறினாள். பையன் மட்டும் வண்டி திரும்பும்வரை இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பீடை ஒழிந்தது என்று வாசலில் காறித் துப்பினார். வீட்டிலிருக்கும் மகளிடம் என்ன சொல்வது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளேயிருந்து வேலு வந்தான். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தான். கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் உப்பிப்போய், புழு உதிர்ந்துகொண்டிருந்த ஒரு செத்த மரநாய். வெளியே நின்ற நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"அந்தக் கூடத்து மச்சுல கெடந்துச்சி மேஸ்திரி. கொடலப் புடுங்குது. சம்பந்திங்க எதிர்ல மானமே போச்சி. அவங்க எங்க?"

ஆரோக்கியசாமி இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார்.

அரும்பு மீசை முளைக்குமுன்னே தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர். அன்றிலிருந்து பச்சைத் தோலுக்கு நடுவிலேயே கிடந்த மூக்கு.

கம்பைப் பிடித்துத் தன் முகத்தருகே இழுத்தார். வேலு வேண்டாமென்று அலறினான்.

கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தார்.

வெறும் காற்றுதான் வந்தது.