பங்குதாரரின் இரத்தம்

2019 மார்ச் 14, காலை பத்தேகால் மணி, சியோலில் தூசிமூட்டம். புதிய நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர வந்த ஏழாவது மனிதரையும் நிறுவனர் பியோ கிதே திருப்பி அனுப்பினார்.

“நல்லா வேலை தெரிஞ்ச ஆளு, தலைவரே,” என்றார் அவருடைய ஒரே பங்குதாரரான ஓ ஹேரன்.

“பி வகை ரத்தம். சுயநலக் கூட்டம். கம்பெனியையே முழுங்கிடும்.”

“ரத்தத்த வெச்சா ஆளைப் பாக்குறது?”

“வேற எத வெச்சுப் பாக்குறது? விதியாவே எழுதுங்க. பி வகைக்காரங்க பங்குதாரரா இருக்கக் கூடாது. இருந்தா அன்னைக்கே விலகிடணும்.”

“யாரா இருந்தாலுமா?”

“எங்கப்பாவா இருந்தாலும்.”

ஹேரன் தட்டச்சு செய்தார். இருவரும் கையெழுத்திட்டனர். முந்தைய நாள் கிதே செய்த இரத்ததானத்துக்காக அவர் பெயருக்கு வந்திருந்த, அவர் இன்னும் பார்க்காத அட்டையை ஹேரன் அந்தத் தாளுடன் இணைத்தார். அட்டையில் ‘பி வகை’ என்றிருந்தது. இரண்டையும் தலைவரின் கையிலேயே கொடுத்தார்.