இன்ஜின் சூடாகட்டும்

"யோவ் டிரைவர், இது வேனா, வெந்நீர் அடுப்பா? தினம் தினம் சூடாகட்டும் சூடாகட்டும்னு எங்களை எத்தனை நேரம்யா உட்கார வைப்பே?"

ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஸ்டோர்ஸ் சார் ஆரம்பித்துவிட்டார். தெருமுனையில் நிற்கும் அந்தக் கம்பெனி வேனில் காலையில் முதல் சத்தம் இன்ஜினுடையது. இரண்டாவது சத்தம் அவருடையது.

"ராத்திரி பூரா குளிர்ந்து கிடந்த இன்ஜின் சார். எடுத்த எடுப்புல விரட்டினா கோவிச்சுக்கும். இதோ ஆச்சு," என்று டிரைவர் கியர் போட்டார்.

"கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியாச்சு. அங்கே கேட்டை மூடிட்டான்னா இன்னிக்கு வேலை அம்பேல்."

"ஒரு நாளாவது மூடின கேட் முன்னால நின்னிருக்கோமா சார்? வழியில பிடிச்சிருவேன்."

"நீ பிடிக்கிறது இருக்கட்டும். டீசல் என்ன, குழாய்லயா வருது?"

பேக்கிங் அக்கா பின்சீட்டிலிருந்து ஒத்து ஊதினாள். "சார் சொல்றது நியாயந்தானே அண்ணே? புகை வேற. எனக்குத் தொண்டை கட்டிக்குது."

டிரைவர் சிரித்தார். திட்டினாலும் சிரிப்பார், சாபம் கொடுத்தாலும் சிரிப்பார். இந்த மனிதருக்கு எருமைத் தோல் என்பதில் வேன் முழுக்க ஒரே அபிப்பிராயம்.

ஸ்டோர்ஸ் சார் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ரகம் இல்லை. மத்தியானமே கம்பெனி மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்டார்.

"இந்தக் காலத்து வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம் சார்," என்றார் மெக்கானிக். "ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியைச் சரிபண்ணி உட்கார்ற நேரம் போதும். கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டினா ஓட ஓடத் தானே சூடாயிடும். நின்ன இடத்துல உறுமிக்கிட்டு இருந்தா புகைதான் மிச்சம்."

போதாதா? டிரான்ஸ்போர்ட் ஆபீசருக்குப் புகார் போனது. கையோடு உத்தரவும் வந்தது. இனிமேல் வேனை நிறுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினைச் சூடாக்கக் கூடாது. நேரமானால் கிளம்பியாக வேண்டும்.

சாயங்காலம் இறங்கும்போது டிரைவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "அவசரப்பட்டுட்டீங்களே சார். கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமே."

"நேரம்னா நேரம்தான்யா. எனக்கு ஒழுங்கு முக்கியம்."

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார் ஸ்டோர்ஸ் சார்.

மறுநாள் காலை. கிளம்பும் நேரம் வந்தது. டிரைவர் சாவியைத் திருகினார். ஆனால் கியர் போடவில்லை. தெருக்கோடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணே, இன்னிக்குமா? அதான் ஆர்டர் வந்தாச்சே," என்றாள் பேக்கிங் அக்கா. அப்புறம்தான் ஜன்னலோரச் சீட்டைப் பார்த்தாள். "ஆமா, ஸ்டோர்ஸ் சாரை எங்கே காணோம்?"

"அவர் என்னிக்கும்மா இந்த நேரத்துக்கு வந்திருக்கார்?"

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். வாஸ்தவம்தான். அவர் ஏறுவார், திட்டுவார், வண்டி கிளம்பும். அவர் ஏறுவதற்கு முன்னால் வண்டி கிளம்பியதாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"அவர் வீட்டம்மாவுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சு," என்றார் டிரைவர். "பொண்ணுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, தெருக்கோடியில இருக்கிற பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றது இவர்தான். அது வாசல்ல இவர் காலைக் கட்டிக்கிட்டு அழும். இங்க உட்கார்ந்தா எனக்கு எல்லாம் தெரியும். அதைத் தேத்திட்டுத்தானே வர முடியும்? இந்த வேன்ல வர்றதுக்கு முந்தியே லேட்டா வந்ததுக்கு மெமோ வாங்கினவர். இன்னொரு தடவைன்னா வேலையே போயிடும்."

"அப்ப இத்தனை நாளா நீங்க இன்ஜினைச் சூடு பண்ணினது..."

"அவருக்காக நிக்கிறேன்னு சொன்னா, நீங்க எல்லாரும் அவரைத் திட்டுவீங்க. இன்ஜினைத் திட்டினா அதுக்கு என்ன ரோஷமா வரப்போவுது?"

சொல்லிவிட்டு கியரில் கை வைத்தார். உத்தரவு உத்தரவுதானே. அவருக்கும் வேலை வேண்டும்.

பேக்கிங் அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்தாள்.

"அண்ணே, பின்பக்க டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி இருக்கே. இறங்கிப் பாருங்க."

"இல்லையே, நேத்துதானே காத்து அடிச்சேன்."

"பாருங்கன்னா பாருங்களேன். டயரைப் பார்க்கக் கூடாதுன்னு ஆர்டர்ல ஒண்ணும் இல்லையே."

டிரைவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதல் டயருக்கே வந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நட்டைப் பாருங்க என்றார் ஒருவர். ஸ்டெப்னியையும் பார்த்துடுங்க என்றார் இன்னொருவர்.

தெருக்கோடியிலிருந்து ஸ்டோர்ஸ் சார் ஓட்டமும் நடையுமாக வந்து ஏறினார். மூச்சு வாங்க உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா? சூடு போய் டயர் வந்துடுச்சு. இந்த ஆள் இருக்கிற வரைக்கும் இந்த வண்டி நேரத்துக்குக் கிளம்பாது."

பேக்கிங் அக்கா பின்சீட்டிலிருந்து சொன்னாள்:

"விடுங்க சார், அவரை யாராலயும் திருத்த முடியாது. நாளைக்கு பிரேக்கைப் பார்க்கணும்னு இப்பவே சொல்லிட்டாரு."