ஒரே தொடுதல், உடனே வீடு

மனித குலத்தின் துயரங்களில் பாதி வரிசையில் நிற்பதால் வருகிறது. அந்தப் பாதியை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று மருத்துவமனைக் கூடத்தில் ஆளுயரப் பலகை முழங்கியது. 'ஒரே தொடுதல், உடனே வீடு!' அதன் கீழிருந்த பில் கட்டும் மெஷினை அக்கா நாற்பது நிமிடமாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் தம்பி. குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். போர்வையை மூக்குவரை இழுத்து மூடியிருந்தான்.

"ஓடிபி கேக்குதுங்க," என்றாள் அக்கா, கவுன்டர்காரரிடம்.

"பேஷன்ட் போனுக்கு வரும்மா."

"போன் எங்க?"

அவர் தன் முதுகுக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டிகளைக் காட்டினார். "ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கி எட்டாம் நம்பர்ல வெச்சோம். பத்திரமா இருக்கு. சார்ஜ்கூட ஏறுது, அது பில்லுல தனி."

"எடுத்துக் குடுங்க."

"பில் கட்டினா அதுவே திறந்துக்கும். சாவியே கிடையாது." சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை.

"என்னங்க விளையாடறீங்களா? போன் வந்தாத்தான் பில், பில் கட்டினாத்தான் போனா? இந்தாங்க கார்டு, நீங்களே தேய்ச்சுக்கங்க."

"கவுன்டர்ல பணம் வாங்கறதை ஒண்ணாந்தேதியோட நிறுத்திட்டாங்கம்மா."

"அப்புறம் நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"மெஷின் எவ்வளவு சுலபம்னு விளக்கிச் சொல்ல."

மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு ஆனால் இன்னொரு நாள் அறை வாடகை ஏறிவிடும். அவள் கார்டில் அதற்குப் பணமில்லை.

"அக்கா, கத்தாதே," என்றான் தம்பி. "வலது மூலையை மூணு செகண்ட் அழுத்து. 'வேறு வழிகள்'னு வரும்."

அழுத்தினாள். 'வேறு வழிகள்: விரைவில்' என்று வந்தது.

அவ்வளவுதான். "எவன்டா இதைக் கண்டுபிடிச்சவன்? அவனை இந்த நாற்காலியில கட்டிப்போடணும்! அவன் கூடப் பொறந்தவளை இங்க நாள் பூரா நிக்க வெக்கணும்! அப்பத் தெரியும் வலி!"

போர்வை நெற்றிவரை ஏறியது.

"அதுக்கும் வசதி இருக்கும்மா," என்று கவுன்டர்காரர் மெஷினின் அடிப்பகுதியைக் காட்டினார். 'குறையிருந்தால் திட்டத்தின் தந்தையையே அழைக்கலாம்' என்று பொடி எழுத்தில் ஒரு நம்பர். "பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். விருதெல்லாம் வாங்கியிருக்காரு."

"தந்தையா? இருக்கு அவனுக்கு!"

பத்து எண்ணையும் கண்ணைக் குத்துவதுபோல் குத்தினாள். அவள் போன் திரையில் 'தம்பி' என்று வந்தது.

எட்டாம் நம்பர் பெட்டிக்குள் மணி அடித்தது. கூடமே திரும்பிப் பார்த்தது.

போர்வைக்குள்ளிருந்து ஈனக்குரல் வந்தது.

"பில் கட்டாம எடுக்க முடியாதுக்கா."