வெள்ளிக்கிழமை இளநீர்

"பூசாரிண்ணா, அம்மனுக்கு இனி இளநீர் அபிஷேகம் வேண்டாமுங்க. சிலைமேல பூத்திருந்த பச்சைப் பொடியை நான் வேலை செய்யற லேப்ல சோதிச்சுட்டேன். இளநீர்ல இருக்கற உப்புதான் வெண்கலத்தை அரிக்குது," என்றாள், கொச்சியிலிருந்து சொந்த ஊரான சித்தூருக்கு பஸ் பிடித்து வந்திருந்த கோகிலவாணி.

"அது நேர்த்திக்கடன் அம்மிணி. அஞ்சு வருசமா ஒரு ஊட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை தவறாம ஊத்தறாங்க. நான் எப்படி வேண்டாங்கறது?"

"இப்படியே ஊத்துனா அம்மன் மொகமே மிஞ்சாதுங்க. நானே போயி நிறுத்தச் சொல்றேன். எந்த ஊடு?"

பூசாரி தயங்கினார். "வேண்டுதலை வெளிய சொல்ல வேண்டாம்னாங்க."

"அவங்க கால்ல வேணாலும் விழறனுங்க. ஊட்டை மட்டும் சொல்லுங்க."

"உங்க ஊடுதான் அம்மிணி. உனக்கு அந்த லேப் வேலை கெடைச்சதுக்குத்தான் உங்கம்மா ஊத்தறாங்க."