முந்தி ஓடிய கடிகாரம்

ஸ்டூலில் ஏறி சாமி படங்களைத் துடைத்த கையோடு, என் மனைவி வேதா சுவர்க் கடிகாரத்தையும் கழற்றித் துடைத்து மாட்டினாள். "கிளம்புங்க, ட்ரெயின் போயிடும்."

"மறுபடியும் பத்து நிமிஷம் முந்தி ஓடுது" என்றேன். " ரிப்பேர்னு சொல்லி அந்த வாட்ச் கடை தனசேகர் நல்ல மெஷினை மாத்திட்டான். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்."

"ஐயோ பாவம், அவனை விட்டுடுங்க" என்று சிரித்தாள்.

மாலை நான் சிட்லபாக்கம் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் உயிரோடு இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

காரியங்கள் முடிந்ததும் கடிகாரத்தோடு தனசேகர் கடைக்குப் போனேன். துக்கத்திலும் சந்தேகம் போகவில்லை.

"இன்னா சார், என் கடையில ஒழுங்காத்தான் ஓடுது. உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் அதுக்கு இன்னா அவசரம்?"

"இன்னொரு தடவை முந்தட்டும். அதை கோர்ட்ல வந்து சொல்லுப்பா."

சரிசெய்து கொடுத்தான். நம்பாமல் தினமும் ரேடியோ செய்தியோடு ஒப்பிட்டேன். கடிகாரம் முந்தவே இல்லை. நான்தான் தினமும் ரயிலைத் தவறவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தூசி படிந்திருந்த சாமி படங்களைத் துடைக்க அதே ஸ்டூலில் ஏறினேன். பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் கடிகாரம். அதைக் கழற்றியபோது வேதாவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

பின்பக்கத் திருகை மெல்லத் திருப்பினேன்.

இன்றும் எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது.